வெண்டெல் மாட்டிய சைலன்சர்கள்

வெண்டெல் ஹாக்லண்ட் தன் சிவப்புக் காரைத் தெருமுனையில் திருப்பியதுமே கிளாரிஸ் வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அடுத்து எதிர்வீட்டு ஜன்னல். அதற்கடுத்த வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பாதிரியார், பாதிக் கோப்பையோடு எழுந்து உள்ளே போனார். போகும்போது சிரித்துக் கையாட்டிவிட்டுத்தான் போனார்.

மின்னசோட்டாவில் ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் ஜன்னலைச் சாத்துகிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை. வருடத்தில் பாதி நாள் பனிக்குப் பயந்து அடைந்து கிடக்கிற ஜனங்கள் நாங்கள். கோடை வந்தால் கொசுவே உள்ளே வந்தாலும் வரட்டும் என்று திறந்து வைப்போம்.

வெண்டெல் வண்டியை வீட்டின் முன் நிறுத்தினார். ரேடியோவில் ஓடிய பாட்டின் கடைசி வரியை முடித்துவிட்டு என்ஜினை அணைத்தார். பக்கத்தில் அவர் மனைவி மார்லிஸ் கைப்பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். வண்டியின் மடக்குகிற மேல்மூடியைத் திறந்தால் அதைக் கழற்றிவிடுவது அவள் வழக்கம். காற்று பட்டால் மெஷின் விசிலடிக்கிறதாம்.

"பாத்தியா மார்லிஸ்? ஜன்னல சாத்தறாங்க."

"வெயிலுக்கா இருக்கும்."

"பாதிரியாரும் எந்திரிச்சு உள்ள போயிட்டாரு!"

"அவருக்கு என்ன அவசரமோ, பாவம்."

மார்லிஸ் நல்லவள். யாரையும் நோகடித்துப் பேசமாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரையே வளர்த்தவள். எங்கள் நார்பி ஊரில் அவள் கையால் உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்னாத ஆள் கிடையாது. இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றாள். வருகிற சனிக்கிழமை சோளத் திருவிழா ஊர்வலத்துக்கு அவள்தான் தலைவி. திறந்த காரின் பின்பக்கம் உயர உட்கார்ந்து, தோளில் பட்டையைப் போட்டுக்கொண்டு, கையாட்டியபடி ஊரைச் சுற்றி வரவேண்டும். அந்தக் கார் தன் கார்தான், ஓட்டுவது தான்தான் என்று வெண்டெல் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். திருவிழா மகாராணிகளாகத் தேர்ந்தெடுத்த பெண்களையெல்லாம் வருடா வருடம் ஏற்றிச் சுற்றியவர், சொந்த மனைவியை ஏற்றாமல் விடுவாரா?

அதில்தான் மண் விழுந்தது. அன்று காலை கடையில் வெர்னா டோலெஃப்ஸன் அவரைப் பிடித்துக்கொண்டாள். திருவிழாக் கமிட்டிக்குத் தலைவி அவள்தான். சர்ச் பாடகர் குழுவும் அவள் கையில்தான். வெண்டெலுக்கும் அந்தக் குழுவில் இடமுண்டு. காபி போடுவது அவர் பொறுப்பு. ஆராதனை முடியும்வரை அடுப்படியை விட்டு நகரக்கூடாது என்பது வெர்னாவின் கண்டிப்பு.

"உன் வண்டி நல்ல வண்டிதான் வெண்டெல். யாரு இல்லேன்னா?" என்றாள் வெர்னா. "ஆனா ஆர்விட்டோட வைக்கோல் வண்டியும் சும்மாதான நிக்குது. உசரமா உக்காந்தா மார்லிஸ எல்லாரும் பாக்கலாம். சும்மா தோணுச்சு, சொன்னேன். உன் இஷ்டம்."

எங்கள் ஊரில் யாராவது ‘உன் இஷ்டம்’ என்றால் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். சொன்னால் வாய் வெந்துவிடும் என்று நினைக்கிற ஜனம். சிரிப்போம், வானிலை பேசுவோம், ஜன்னலைச் சாத்துவோம். புரிந்துகொள்ளவேண்டியது அவரவர் பாடு.

வெண்டெல் புரிந்துகொண்டார். வண்டியில் என்னவோ சத்தம். அது ஊருக்கே பிடிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாய் தின்றார், எழுந்து போய் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். இன்னொரு வாய் தின்றார், மறுபடி எழுந்தார். மறுநாள் காலை முதல் வேலையாக மைத்துனன் டுவேனைக் கூப்பிட்டார்.

டுவேன் மார்லிஸின் தம்பி. டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன். எதற்கும் பதற மாட்டான், எதையும் முடிக்கவும் மாட்டான். வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மச்சான், சைலன்சர்ல ஓட்டை. விரல விட்டா உள்ள போகுது."

"அதான்! அதான் ஜன்னல சாத்தறாங்க!"

"இந்த ஓட்டைக்கா? பொர்ரு பொர்ருன்னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான?"

"உனக்கென்ன தெரியும்? பாதிரியாரே எந்திரிச்சுப் போனாரு!"

கம்பெனிச் சைலன்சர் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஊர்வலத்துக்கோ ஒரு வாரம்கூட இல்லை. வெளிக்கம்பெனிக்காரன் ஒருவன் புகைக்குழாய், சைலன்சர், வால்குழாய் எல்லாம் சேர்த்து முழு செட்டாக உடனே அனுப்புகிறேன் என்றான். ‘கம்பீரமான ஒலி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கம்பீரம் என்றால் மரியாதையாக, அடக்கமாக இருக்கும் என்று வெண்டெல் நினைத்துக்கொண்டார். வேறு எப்படி நினைப்பார், லுத்தரன் சர்ச்சில் வளர்ந்த மனுஷர்!

பெட்டி வந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்திக் கழற்ற ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் சாலைக்குப் போடுகிற உப்பு அடிப்பக்கத்தைத் தின்று தீர்த்திருந்தது. எது நட்டு, எது துரு என்று தெரியவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், நெருப்பு வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் டுவேன் ரம்பத்தை எடுத்தான். பழைய குழாய் அவன் நெஞ்சின் மேலேயே விழுந்தது.

"மச்சான், ஒரு சிக்கல். புதுக்குழாய் போற வழியில குறுக்கால ஒரு இரும்புச் சட்டம் இருக்கு."

"கழட்டு அத."

"அது எதுக்கு இருக்குன்னு—"

"கழட்டுன்னா கழட்டு மாப்ளே! சனிக்கிழமை ஊர்வலம்!"

அது எதற்கு இருக்கிறது என்று உடனே தெரிந்துபோனது. கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பே அந்தச் சட்டம்தான். அதைக் கழற்றியதும், தூக்கி நிறுத்திய வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்தது. கியரை நியூட்ரலில் போட உள்ளே ஏறியிருந்த வெண்டெல் இறங்கப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அடுத்த பக்கக் கதவும் திறக்கவில்லை.

"டுவேன்! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்டா!"

"மேல பாருங்க மச்சான். மூடிதான் இல்லையே, ஏறிக் குதிங்க!"

அறுபத்தோரு வயதில் வெண்டெல் தன் காரிலிருந்து பின்பக்கமாக ஏறிக் குதித்தார். அப்போது பார்த்துத் தபால் வண்டி வந்து நின்றது.

தபால்காரி ரோஸெல்லா எங்கள் ஊர்க்காரி இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து போன குளிர்காலத்தில் வந்தவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அவள் தபால்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே தெருவில் பாதிப்பேர் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

"என்னய்யா, உன் வண்டியிலேர்ந்து நீயே தப்பிச்சு ஓடறியா?" என்றாள். "ஆமா, நானும் ரொம்ப நாளா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு—"

வெண்டெல் சடாரென்று வண்டிக்கடியில் புகுந்துகொண்டார். அவள் கொஞ்சநேரம் அவருடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, தபாலை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

சட்டத்தை வளைத்துத் தட்டி எப்படியோ திரும்பப் பொருத்தினார்கள். குழாய் தொங்குகிற ரப்பர் வளையங்கள் மாட்டிக்கொள்ள மறுத்தன. பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தடவி மாட்டினார்கள். எல்லாம் முடிந்து வெண்டெல் சாவியைத் திருகினார்.

கராஜ் சுவரில் மாட்டியிருந்த சுத்தியல் கீழே விழுந்தது.

"கம்பீரம்!" என்று டுவேன் கத்தினான். அவன் வாய் அசைந்தது மட்டும்தான் வெண்டெலுக்குத் தெரிந்தது.

ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ரேடியோ ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. மக்காச்சோளக் காட்டிலிருந்து காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. வெண்டெலுக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. தெருவுக்குள் வந்தபோது குனிந்த தலை நிமிராமல் வந்தார்.

ஆனால் ஒரு ஜன்னலும் சாத்தப்படவில்லை. கிளாரிஸ் வாசலில் நின்று கையாட்டினாள். பாதிரியார் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை, கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினார். சாயங்காலம் கிளாரிஸ் ஒரு ட்ரே நிறைய எலுமிச்சை பார் இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"புதுக் குழாய் ரொம்ப நல்லாருக்கு வெண்டெல்," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டு வெண்டெல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"முடிஞ்சு போச்சு மார்லிஸ். ட்ரே வந்துருச்சு."

எங்கள் ஊரில் வீடு தேடி ட்ரே வருவது இரண்டு காரியங்களுக்குத்தான். ஒன்று சாவு. இன்னொன்று, வாயால் சொல்ல முடியாத கோபம். ஹாக்லண்ட் வீட்டில் யாரும் சாகவில்லை.

"நல்லாருக்குன்னுதான சொன்னா?" என்றாள் மார்லிஸ், ஒரு பாரைக் கடித்துக்கொண்டே.

"நல்லாருக்குன்னு சொன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா? உனக்கு இந்த ஊரு தெரியாதா? ஜன்னல சாத்தினப்போவாவது கொஞ்சம் மரியாதை வெச்சிருந்தாங்க. இப்போ பாதிரியார் கட்டைவிரலைக் காட்றாரு! அந்த அளவுக்குக் கொதிச்சுப் போயிருக்காங்க!"

மார்லிஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு இன்னொரு பாரை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் டுவேன் இரண்டாவதாக ஒரு சைலன்சரைக் கொண்டுவந்தான். குழாயை நடுவில் அறுத்து அதைச் செருக வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கும்போது ரோஸெல்லா வந்துவிட்டாள். வெண்டெல் ஏற்கனவே அடியில் இருந்ததால் ஒளிய வேறிடமில்லை.

"எதுக்குய்யா அத அறுக்கறீங்க? நல்லாத்தான இருக்கு! விட்ருங்க அத!"

"சரிம்மா, சரிம்மா," என்றார் வெண்டெல் அடியிலிருந்து. அவள் போனதும், "நியூ ஜெர்சிக்காரங்க சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க மாப்ளே. அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இரண்டாவது சைலன்சர் பூட்டியதும் இடிமுழக்கம் உறுமலாக இறங்கியது. வெண்டெல் ஒரு சுற்றுப் போய்வந்தார். கிளாரிஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், ஒரு நிமிடம் யோசித்தாள், பாதி சாத்தினாள்.

"பாதி சாத்தறாங்கன்னா என்னடா அர்த்தம்?"

"பாதி சத்தம் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம் மச்சான்."

"அப்போ மீதியையும் கொறைக்கணும்!"

வால்குழாய்க்குள் எஃகுக் கம்பிப் பஞ்சை அடைத்தார்கள். உறுமல் முனகலாகியது. தெருவில் எல்லா ஜன்னல்களும் முழுசாகச் சாத்தப்பட்டன. பாதிரியாரின் வாசலில் நாற்காலியே இல்லை. வண்டியும் மூச்சு முட்டி, மேட்டில் ஏற மறுத்து, தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றுவிட்டது. வெண்டெல் அதைத் தள்ளிக்கொண்டு வரும்போது எதிரே வெர்னா வந்தாள்.

"நல்ல உடற்பயிற்சி வெண்டெல்," என்றாள். "ஆர்விட் வைக்கோல் வண்டியக் கழுவிட்டான். பூவெல்லாம்கூடக் கட்டியாச்சு. மழை வராதுன்னு நினைக்கிறேன்."

"வெர்னாக்கா, சத்தத்த நான் முழுசா நிறுத்திடறேன். ஒரே ஒரு நாள் குடுங்க."

வெர்னா அவரைக் கனிவோடு பார்த்தாள். உதடு துடித்தது. ஒரு கணம், எங்கள் ஊர் வரலாற்றிலேயே முதல்தடவையாக, ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் பேசிவிடுவார் போலத்தான் இருந்தது.

"சோளம் இந்த வருஷம் நல்லா வெளஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெண்டெல் மறுபடி வண்டிக்குத் தோள் கொடுத்தார். இத்தனை வருடமாக யார் யார் வீட்டுப் பெண்களையோ ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறார். காலமெல்லாம் அடுப்படியில் நின்றவள், ஒரே ஒரு நாள் ஊர் பார்க்க உயர உட்காரப் போகிறாள். அன்றைக்கு அவர் ரோட்டோரமாக நின்று வேடிக்கை பார்க்கவேண்டுமா? அழுகை வருகிறாற்போல் இருந்தது. வண்டியைத் தள்ளுவதில் கவனத்தைச் செலுத்தினார்.

"மாப்ளே, இருக்கறதுலயே சத்தம் வராத வண்டி எது?"

டுவேன் தலையைச் சொறிந்தான். "பொணவண்டிதான் மச்சான்."

பழைய சவ ஊர்தி ஒன்று பக்கத்து ஊர் காயலான் கடையில் கிடந்தது. சும்மாவா? துக்க வீட்டில் ஒரு முனகல்கூட வரக்கூடாது என்று செய்த சைலன்சர் அதனுடையது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. அதை வண்டிக்கடியில் ஏற்றித் தொங்கவிட இருவருக்கும் ஒரு பகல் முழுதும் போயிற்று. டுவேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வெண்டெலுக்கு நகம் ஒன்று போயிற்று. கடைசியில் சாவியைத் திருகினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருகினார். பல்சக்கரம் கிறீச்சிட்டபோதுதான் வண்டி ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மாப்ளே!" என்று டுவேனைக் கட்டிக்கொண்டார் வெண்டெல். டுவேன் வலியில் அலறினான்.

அன்று சாயங்காலம் ஏரியைச் சுற்றி ஒரு வெள்ளோட்டம். காற்று சில்லென்று வீசியது. தண்ணீரில் வாத்து நீந்துகிற சத்தம்கூடக் கேட்டது. கவலையெல்லாம் விட்டுப்போன சந்தோஷத்தில் வெண்டெலுக்குப் பாட்டு தானாக வந்தது. ரேடியோவை அணைத்துவிட்டு வீடுவரை பாடிக்கொண்டே வந்தார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னல்கள் மட்டுமில்லை, திரைகளும் மூடியிருந்தன. எங்கேயோ ஒரு நாய் நீளமாக ஊளையிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது மார்லிஸ் ஃபோனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா பேசினா," என்றாள். "வைக்கோல் வண்டின்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

வெண்டெல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொணவண்டிச் சைலன்சர் மார்லிஸ்! வாத்து நீந்தற சத்தம் கேக்குது! இதுக்கு மேல நான் என்னதான் பண்றது? தோள்ல தூக்கிட்டுப் போகட்டுமா உன்னை?"

மார்லிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கிரீஸ் படிந்த அவர் கையை எடுத்து, நகம் போன விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஃபோனை எடுத்தாள்.

"வெர்னா, நான் என் புருஷன் வண்டியிலதான் வருவேன். இல்லேன்னா நான் வரல. வீட்ல உக்காந்து சோளம் அவிக்கறேன்." ஒரு மூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "உன் இஷ்டம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. முன்னால் பள்ளிக்கூட பேண்டு வாத்தியம், அடுத்து வெண்டெலின் சிவப்புக் கார், பின்னால் காலியான வைக்கோல் வண்டி. மார்லிஸ் புதுச் சட்டை போட்டு, பட்டை கட்டி, பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் காது மெஷினைக் கழற்றிப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இன்னிக்குக் காத்தே இல்லையே மார்லிஸ்!" என்றார் வெண்டெல்.

"ஆமாமா, நல்ல நாளு," என்று மார்லிஸ் சிரித்தாள்.

ஊர்வலம் நகர்ந்தது. மார்லிஸைப் பார்த்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. தலை நரைத்தவர்கள்கூட, "மார்லிஸம்மா, இன்னொரு கரண்டி!" என்று கத்தினார்கள். மார்லிஸுக்கு அது கேட்கவில்லை. ஆனால் வாயசைப்பில் புரிந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெண்டெல் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மரக்கடை அருகில் பேண்டுக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். தெரு சட்டென்று அமைதியானது. வண்டியிலிருந்து இம்மி சத்தம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று வெண்டெலுக்குத் தோன்றியது. கல்யாணத்தன்று மார்லிஸுக்காகப் பாடிய பாட்டு ஞாபகம் வந்தது. தலையை நிமிர்த்தி, வாய் நிறையப் பாட ஆரம்பித்தார்.

கிளாரிஸ் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். அவள் போட்டிருந்தது செருப்பு. பாதிரியார் நாற்காலியை மடக்க ஆரம்பித்தார். வெர்னா வானத்தைப் பார்த்தாள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்டெல் பதறிப்போனார். பாட்டை நிறுத்தி, என்ஜினில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றுமில்லை.

"என்னதான்யா வேணும் உங்களுக்கு?" என்று கத்தியேவிட்டார். "இன்னும் என்ன சத்தம் வருது என் வண்டியில?"

ஒருவர் சோளத்தைப் பற்றி என்னவோ முணுமுணுத்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தபால்காரி ரோஸெல்லா ரோட்டுக்கே வந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இடிக்குழாயை எதுக்குய்யா கழட்டித் தொலைச்ச? அது இருந்தப்பதான நீ பாடறது ஊருக்குக் கேக்காம இருந்துச்சு! உன் பொண்டாட்டியாவது காது மெஷினக் கழட்டி வெச்சுக்கறா, நாங்க எதய்யா கழட்டி வெக்கறது?"